தம்பியின் கிளினிக் நாட்கள்

என் தம்பிக்குக் கால் நோய் என்றுதான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம். சின்ன வயதில் அவனுடைய கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டிருக்கும். "இவன் பெரிய பந்தாட்டக்காரனா வருவான்" என்று பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர்கள் கிள்ளிப் பார்ப்பார்கள். அந்தத் திரட்சிதான் நோய் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கைவைத்து, பிறகு தொடையில் கைவைத்து, தன் மேலேயே தான் ஏறுகிறவன் போல அவன் எழுந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தசைச் சிதைவு நோய் என்று டாக்டர்கள் பெயர் சொன்னார்கள். பத்து வயதைத் தாண்டியதும் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் நெஞ்சுக்கு மருந்து என்றார்கள். அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. "சீக்கு கால்ல. மருந்து நெஞ்சுக்கா? உள்ளதச் சொல்லுடி, எம்புள்ளைக்கு இன்னும் என்னா இருக்கு?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இதயத்தின் நான்கு அறைகளுக்கும் நிறம் தீட்டச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுகிறவள். இதயமும் ஒரு தசைதான், அதுவும் காலைப் போலவே தளரும் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதோ சத்துக் குறைவு என்று சொல்லி மழுப்பினேன். அவள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பதுளையில் அந்த கிளினிக் மாதத்துக்கொரு தரம் நடக்கும். இந்த நோயுள்ள பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பதற்காகவே தொடங்கியது. பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரி. கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகளுடைய கன்னத்தைத் தொடாமல் பேசமாட்டார். முதல் நாளே என்னை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். நாடியை மெதுவாக்கி இதயத்துக்கு ஓய்வு தரும் இந்த மாத்திரை பெரியவர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று உலகத்துக்குத் தெரியும். இந்த நோயுள்ள பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதுதான் சரியாகத் தெரியாது. அதனால் சிறிய அளவில் தொடங்கி, மாதாமாதம் நாடியையும் பிரஷரையும் பார்த்து, தாங்குகிற வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்கும் ஒரு ஆராய்ச்சி இது. விருப்பமென்றால் சேரலாம், வேண்டாமென்றால் விடலாம்.

"கூடினா என்ன நடக்கும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"நாடி நல்லா விழும். தலை சுத்தும், மயங்கவும் கூடும். அதுக்குத்தான் பிள்ளை, பாத்துப் பாத்துக் கூட்டுறம்."

"குறைஞ்சா?"

"குறைஞ்சா இதயம் களைச்சுப் போகும். அது வெளியால தெரியாது."

கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்றால் நான் எதற்குத் தலையாட்டுவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது. அம்மா என் காதில், "என்னா சொல்றாங்க?" என்று கேட்டாள். "நல்ல மருந்தாம்" என்றேன். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

நான் பதுளையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கிளினிக் நாளில் அம்மா தம்பியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து கீழே வருவாள். நான் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வாசலில் காத்திருப்பேன். தம்பிக்கு அன்றைக்குத் திருவிழா. முகம் கழுவி, தலை படிய வாரி, நெற்றியில் திருநீறு துலங்க வந்திறங்குவான். வாய் ஓயாது. கிளினிக் முடிந்ததும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், கடைசித் தண்டவாளம் முடிகிற இடத்தைக் காட்டவேண்டும். அதற்கப்பால் ரயில் போகாது என்பதில் அவனுக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம். மீன் வைத்த மாலு பாண் வாங்கித் தரவேண்டும். அவன் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். பாடம் எடுத்த களைப்பைவிட அந்தக் களைப்பு பெரிது.

முதலில் அரை மாத்திரை. பிறகு முழு மாத்திரை. அதற்குப் பிறகு அதைவிடப் பெரியது. ஒவ்வொரு கிளினிக்கிலும் டாக்டரம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். இயந்திரத்திலும் பார்ப்பார். பிறகு நெற்றியைச் சுருக்குவார்.

"இவ்வளவு மருந்துக்கும் ஏன் இன்னும் நாடி இப்பிடி ஓடுது எண்டு எனக்கு விளங்கேல்ல. அம்மா, மருந்து ஒழுங்காக் குடுக்கிறீங்களோ?"

"ஒரு நாளும் தவறுனதில்லீங்க டாக்டரம்மா. காலையில ஒன்னு, பொழுது சாய ஒன்னு. சாமி மேல சத்தியம்."

அம்மா சொன்னது பொய்யில்லை. அதை இன்றைக்கும் நான் சொல்வேன்.

ஆனால் வீட்டில் தம்பி வேறு ஆளாக இருந்தான். வார முடிவில் நான் மேலே தோட்டத்துக்குப் போனால், வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் நாற்காலியில் கழுத்துச் சாய்ந்து கிடப்பான். கை சில்லென்றிருக்கும். பேசப் பிடிக்காது. ஒரு தரம் அவனை நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் வைக்கும்போது, "அக்கா, கண்ணு இருட்டுது" என்று சொல்லிவிட்டு அப்படியே துவண்டுபோனான். தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினோம். அதிலும் கிளினிக்குக்கு மறுநாள்தான் மிக மோசம். பதுளை வரை குலுங்கிப் போய் வந்த அலுப்பு என்று நாங்கள் நினைத்தோம்.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திரும்ப பிரஷர் பார்த்தார். நல்லாயிருந்தது. நாடி பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. எதிரே தம்பி, மேசையில் இருந்த இதயப் பொம்மையைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு, இது கொழும்பில் செய்ததா சீனாவில் செய்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். மயங்கி விழுகிற பிள்ளை மாதிரியா இருந்தான்? எனக்கே நான் பொய் சொல்வதுபோல் பட்டது. மருந்து கூடினால் நாடி குறையவேண்டும், ஆனால் நாடி குறையவில்லை. ஆகவே மயக்கம் மருந்தால் வரவில்லை, இதயம் தளர்வதால்தான் வருகிறது போலிருக்கிறது என்று டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

அன்றிரவு எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மருந்து அவனைக் காப்பாற்றுகிறதா, சாய்க்கிறதா? நிறுத்தச் சொன்னால் இதயம் களைக்கும். கொடுக்கச் சொன்னால் கண் இருட்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிற எனக்கு இந்தக் கேள்விக்கு ஒரு விடையும் கிடைக்கவில்லை. டாக்டரம்மா மேல் கோபம் வந்தது. அம்மா மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. சும்மா மாலு பாண் தின்றுகொண்டிருந்த தம்பி மேலும்கூட வந்தது. பயந்துபோனால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

அடுத்த கிளினிக்குக்கு முன்னால் பாடசாலை விடுமுறை வந்தது. அதனால் அந்தத் தடவை நான் லயத்தில் இருந்தேன். கிளினிக் நாளன்று விடியவே மழை. அம்மா ரொட்டி சுட்டு, தம்பிக்கு வெந்நீர் ஊற்றி, சட்டை மாட்டி, தலை வாரிவிட்டாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த பால்மா டின்னில்தான் மாத்திரை இருக்கும். அதை அவள் தொடவே இல்லை. ஆட்டோக்காரர் வந்து ஹாரன் அடித்துவிட்டார்.

"அம்மா, மருந்து குடுத்தாச்சா?"

"இல்லடி."

"ஏன், மறந்துட்டியா?"

"மறக்குறதா? நல்லாக் கேட்ட போ. இன்னைக்குக் கிளினிக்குடி! கிளினிக்கு அன்னைக்கு யாராச்சும் மருந்து குடுப்பாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். படித்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை அது.

"நேத்துச் சாயங்காலம்?"

"நேத்தும் குடுக்கல. மருந்து ஒடம்புல இருந்தா நோய் ஒளிஞ்சுக்குமில்ல? டாக்டரம்மா எதப் பாப்பாங்க?"

"அப்ப அந்த மாத்திரைய என்னா செய்வ?"

"வீசவா போறேன்? திரும்பி வந்ததும் சேத்துக் குடுத்துருவேன். ஒன்னக்கூட விட்டதில்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளினிக் நாளில் அவன் ஏன் வாய் ஓயாமல் பேசினான், மறுநாள் ஏன் செத்த கோழி மாதிரிக் கிடந்தான், டாக்டரம்மாவின் விரலுக்கடியில் அந்த நாடி ஏன் ஓடியது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதியது. மருந்தில்லாத பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அவர் மருந்தைக் கூட்டியிருக்கிறார். கூட்டிய மருந்தை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, விட்டதையும் சேர்த்து ஒரேயடியாகக் கொடுத்திருக்கிறோம்.

அம்மாவைப் பார்த்துக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்த முடியவில்லை. ஏனென்றால் அவள் எங்கே படித்த பாடம் இது என்று எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குக் கடும் காய்ச்சல். பக்கத்துக் காம்பிரா அக்கா இரக்கப்பட்டு இரண்டு பனடோல் கொடுத்தாள். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்த டிஸ்பென்சரிக்காரர், ஒன்றுமில்லை, பெரட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார். அவள் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய், கூடையோடு தேயிலைச் செடிக்குள் விழுந்தாள். நாலு பேர் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் நோயைக் காட்டப் போகிறவர் யாரும் மருந்து குடித்துவிட்டுப் போனதில்லை. காய்ச்சலோடு போனால்தான் காய்ச்சல். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய்கூடத் தடவாமல் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு இது தெரிந்த விஷயம்தான். பதுளையில் ஒரு அறையும் கையில் ஒரு சோக்குக் கட்டியும் கிடைத்தபிறகு எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதும், "நான் டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. ஒனக்குப் புண்ணியமாப் போகும். சொன்னா, இதுங்க மருந்து குடுக்கத் தெரியாத சனம்னு எம்புள்ளைய வெளிய தள்ளிருவாங்க. அப்புறம் யாரு மருந்து தருவா? நாளையிலருந்து நான் ஒழுங்காக் குடுத்துக்குறேன். இன்னைக்கு மட்டும் பேசாம இரு."

"பேசாம இருந்தா இன்னைக்கும் கூட்டுவாங்கம்மா."

"கூட்டட்டுமே. நாம கொறச்சுக் குடுத்துக்குவோம்."

"எவ்வளவு கொறச்சு? ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா?"

அவள் என் கையை விட்டாள். நடுவில் உட்கார்ந்திருந்த தம்பி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னைய எங்க தள்ளப் போறாங்க?" என்று கேட்டான். "ஒன்னையத் தள்ளுறதுக்கு நாலு பேரு வேணும்டா, வாய மூடு" என்றேன். அவன் சிரித்தான். அம்மா சொன்னபடி நடந்துவிட்டால்? வாயைத் திறந்ததால் மருந்து போயிற்று என்றால், நாளைக்கு அவன் இதயத்துக்கு யார் பதில் சொல்வது? வழி நெடுக, சொல்லலாமா வேண்டாமா என்று மனசு புரண்டது. கிளினிக் வாசலில் இறங்கும்வரை முடிவெடுக்கவில்லை.

டாக்டரம்மா வழக்கம்போலத் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். நெற்றியைச் சுருக்கினார். பேனையை எடுத்தார். அந்தப் பேனையைப் பார்த்ததும் நான் சொல்லிவிட்டேன். முன்னுக்குப் பின்னாக, டிஸ்பென்சரியில் தொடங்கி, பனடோல், பெரட்டு, பால்மா டின் என்று உளறிக்கொட்டினேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

டாக்டரம்மா பேனையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து விறாந்தைக்குப் போனார். அங்கே மற்றப் பிள்ளைகளுடைய தாய்மார் நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தோட்டத்து ஆட்கள்தான்.

"அம்மாமார், ஒண்டு கேக்கிறன். ஏச மாட்டன். இண்டைக்குக் காலமை பிள்ளைக்கு ஆர் மருந்து குடுத்தனீங்கள்?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"இன்னைக்குக் கிளினிக்கு ஆச்சேங்க டாக்டரம்மா" என்றாள். "நோயக் காட்டத்தானே வந்திருக்கோம்."

இன்னொருத்தி, "குளிப்பாட்டி, சாமி கும்பிட்டு, வெறும் ஒடம்பாத்தான் கூட்டியாந்தேங்க" என்று பெருமையோடு சொன்னாள். ஒருத்தி மட்டும் கொடுத்திருந்தாள். அவள் தப்பு செய்துவிட்டவள் மாதிரித் தலையைக் குனிந்து, மறதியாகக் கொடுத்துவிட்டேன் என்றாள்.

டாக்டரம்மா வாங்கின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "நான் ஒழுங்காக் குடுக்கிறீங்களோ எண்டு மட்டும்தான் கேட்டன். இண்டைக்குக் குடுத்தனீங்களோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லையே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அம்மா அப்போதுதான் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

அன்றைக்கு யாரையும் உடனே வீட்டுக்கு விடவில்லை. தம்பிக்கு அங்கேயே, பெரிய மாத்திரையைக் கொடுக்காமல், அதற்கு முந்திய அளவைக் கொடுத்துப் படுக்கவைத்து, விட்டு விட்டு நாடி பார்த்தார்கள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவன் பேச்சைக் குறைத்தான். பிறகு ஒரு கேள்வியை நடுவிலேயே விட்டுவிட்டான். விரல்கள் குளிர்ந்தன. வீட்டில் நான் பார்க்கிற தம்பி, என் கண் முன்னாலேயே அந்தக் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டான். "இந்த அளவே பிள்ளைக்குக் கூடிப்போச்சு" என்றார் டாக்டரம்மா. காலைத் தூக்கிவைத்து, பார்த்துக்கொண்டே இருந்து, அவன் தெளிந்த பிறகுதான் எங்களை விட்டார்.

அளவைக் குறைத்தார்கள். கிட்டத்தட்டத் தொடங்கிய இடத்துக்கே போய்விட்டோம். வெளியே தள்ளவில்லை. கொழும்பில் ஆராய்ச்சியை நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேட்டு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தவறிய மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று ஒவ்வொரு தாயிடமும் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார் டாக்டரம்மா. அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

ஆனால் என் குழப்பம் தீர்ந்தபாடில்லை. "டாக்டர், குறைச்ச மருந்து அவனுடைய இதயத்துக்குப் போதுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது பிள்ளை" என்றார். "தெரியாதபடியாத்தானே பாக்கிறம். பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை."

அந்தப் பதிலை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான். சின்ன மாத்திரை என்றால் சின்ன ஆயுசு என்று அவளுக்கு ஒரு கணக்கு. அதைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்ப்பாள். "இத்தனூண்டு மருந்து எந்த மூலைக்குடி?" என்பாள். எனக்கும் அதே பயம் இருந்ததால் நான் அவளை அதட்டிப் பேசினேன்.

பிறகு ஒரு பௌர்ணமிப் போயா லீவுக்கு மேலே போனேன். வெயில் அடித்திருந்தது. தம்பி இஸ்தோப்பில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர் லயத்துப் பையன்களுடைய கிரிக்கெட்டுக்கு ரேடியோக்காரன் மாதிரி வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தான். பந்து போட்டவனுக்கும் திட்டு, அடித்தவனுக்கும் திட்டு. அம்மா உள்ளே ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது.

"அக்கா, இன்னைக்குக் கிளினிக்கா?" என்றான்.

"இல்லையேடா. ஏன்?"

"சும்மாதான். கண்ணுக்கு எல்லாம் வெளிச்சமாத் தெரியுது. கிளினிக்கு அன்னைக்கு மட்டுந்தான் இப்படி இருக்கும்."

"இதை ஏன்டா ஒரு தரம்கூட எங்ககிட்ட சொல்லல?"

"பதுளைக்குப் போற சந்தோசத்துல அப்படி இருக்குன்னு நெனச்சேன்."

உள்ளே மாப் பிசைகிற சத்தம் நின்றது. அம்மா மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவன் நெற்றியைப் புறங்கையால் தொட்டாள், அந்தக் காலத்து டிஸ்பென்சரிக்காரர் தன் நெற்றியைத் தொட்டதுபோலவே. தொட்ட கையை எடுக்காமல் என்னைப் பார்த்து, "புள்ள நல்லா இருக்கான்டி" என்றாள். "இத எப்படி டாக்டரம்மாவுக்குக் காட்டுறது?"

"காலையில மருந்து குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போம்மா. அவங்களே பாத்துக்குவாங்க" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். தம்பி விட்ட இடத்திலிருந்து வர்ணனையைத் தொடங்கினான்.